தோளில் ஏறி வந்த கடா

ஆசாரியர்கள் தாங்களாகவே மனம் திரும்பினார்கள் என்று இப்போது எருசலேம் முழுக்கப் பேச்சு. துக்கத்துக்கு இரட்டுச் சாக்குத் துணி உடுத்தினார்களாம், தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார்களாம், பலிக்குப் பழுதில்லாத ஆட்டுக்கடாவைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தினார்களாம். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இரட்டு உடுத்தினது உண்மை. மண்ணைப் போட்டுக்கொண்டதும் உண்மை. கடா விஷயம் பொய். அன்று ஆலயத்தின் வடக்கு வாசலில் காவல் நின்ற லேவியன் நான்தான், சல்லாய். எனக்குத் தெரியாதா? அதைச் சொல்வதற்கு முன்னால் விறகறைப் பெலாயாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பெலாயா பிறப்பால் ஆசாரியன். ஆரோன் வம்சம், வம்ச அட்டவணையில் ஒரு பெயர்கூட விட்டுப்போகாத குடும்பம். எங்கள் ஜனம் சிறைப்பட்டுப் போயிருந்த பாபிலோனில் ஒரு வாய்க்கால் கரையில் பிறந்தான். நானும் அதே கரைதான், நாலு வீடு தள்ளி. அவன் அப்பா வாய்க்கால் தூர் வாருகிற கூலிக்காரர். பலிபீடத்தைக் கண்ணால் கண்டதே இல்லை. மகன் அதன் முன்னால் நிற்பதைப் பார்க்க வேண்டும், அதற்காகவே ஊருக்குத் திரும்புகிறேன் என்று வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

பாதி வழியில், ஆமாத் பக்கம் ஓர் ஆற்றைக் கடக்கும்போது, சுமைக் கழுதை சறுக்கிப் பெலாயாமேல் விழுந்தது. அப்போது அவனுக்கு ஒன்பது வயது. இடது தொடை முறிந்தது. கூடாரக் கொம்பை வைத்துக் கட்டினார்கள். முந்நூறு பேர் போகிற கூட்டம் ஒரு பிள்ளைக்காக எத்தனை நாள் நிற்கும்? அந்தக் கழுதை முதுகிலேயே குலுங்கிக் குலுங்கி எலும்பு கூடியது, மூன்று விரற்கடை குட்டையாக.

இருபது வயதில் அவனைச் சோதித்தார்கள். ஊனமுள்ளவன் பலிபீடத்தை நெருங்கக் கூடாது என்பது நியாயப்பிரமாணம். மூப்பர்கள் பிராகாரத்தில் வரிசையாக உட்கார்ந்துகொண்டு, வடக்கு வாசலிலிருந்து படிக்கட்டு வரைக்கும் நடக்கச் சொன்னார்கள். நடந்தான். நடுவில் உட்கார்ந்திருந்தவர், "இன்னொரு தடவ" என்றார். இன்னொரு தடவையும் நடந்தான். முதல் தடவையிலேயே குருடனுக்கும் தெரிந்திருக்கும். அவன் அப்பா என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். மகன் நொண்டாத மாதிரி தெரிய வேண்டும் என்று தன் தலையையும் அவன் நடைக்கு ஏற்ப ஆட்டிக்கொண்டிருந்தார். அந்த மழைக்காலத்தை அவர் தாண்டவில்லை.

நான் கொதித்தேன். பெலாயா கொதிக்கவில்லை.

"சட்டத்தப் போட்டது யாரு, அந்த மூப்பரா?" என்றான். "அவரு வெறும் வாய்தான். போட்டவரு போட்டது போட்டதுதான். எனக்கே கோவம் வரல, நீ ஏன்டா குதிக்கிற?"

ஊனமுள்ள ஆசாரியன் பலியிடக் கூடாதே தவிர, பலியில் ஆசாரியர்களுக்கு வரும் பரிசுத்தமான பங்கைச் சாப்பிடலாம். ஆகவே அவனுக்கு விறகறையைக் கொடுத்தார்கள். பலிபீடத்துக்குப் போகும் விறகில் புழு இருக்கக் கூடாது. ஒவ்வொரு கட்டையையும் தட்டிப் பார்த்து, காதை வைத்துக் கேட்டு, சந்தேகம் வந்தால் பிளந்து பார்த்து, நல்லதை ஒரு பக்கமும் புழுத்ததை ஒரு பக்கமும் அடுக்குவான். நல்லது பீடத்துக்கு, புழுத்தது சமையலறைக்கு. என் சித்தப்பா மகள் செபுதாளைக் கட்டிக்கொண்டு எனக்கு மச்சான் ஆனான். மூன்று பெண் குழந்தைகள். ஆலயத்திலிருந்து வரும் பங்குதான் அந்த வீட்டில் அடுப்பெரிய வைத்தது. அவனுக்கென்று ஒரு சாண் நிலம் கிடையாது.

இனிமேல்தான் எனக்கு வயிறு எரிகிற கதை.

மழை பொய்த்து, வெட்டுக்கிளி வந்து போன ஒரு வருஷத்தில், ஒருவன் கண் தெரியாத கிழட்டு ஆட்டைக் கொண்டுவந்தான். பாவம், வேறு இல்லை என்றான். அன்று முறையிலிருந்த ஆசாரியன் அஸ்ரீக்காம். பெலாயாவை இரண்டு தடவை நடக்கச் சொன்ன மூப்பரின் மகன் இவன்தான். "தானம் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கலாமா? கொண்டா" என்று வாங்கிக்கொண்டான். இரக்கம் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த வருஷம் மழை பெய்தது, ஆடு குட்டி போட்டது. ஆனால் பழகின கை திருந்தவில்லை. வசதி இருக்கிறவன்தான் முதலில் ஆரம்பித்தான். கொழுத்தது கிடையில், சொறி பிடித்தது பலிபீடத்தில். திருப்பி அனுப்பினால் ஆளே வரமாட்டான், பங்கும் வராது என்று ஆசாரியர்கள் கண்டும் காணாமல் இருந்தார்கள். சிலர் அதற்கும் மேலே போய்த் தங்கள் கிடையில் உதவாததையே கொண்டுவந்தார்கள். வேலியே பயிரை மேய்ந்தது. பதினேழு வருஷம்.

நினைத்துப் பாருங்கள். ஒரு மனுஷனின் கால் மூன்று விரற்கடை குட்டை என்று அவனைப் பீடத்துக்கு முப்பது முழம் தள்ளி நிறுத்தினார்கள். அதே பீடத்துக்கு மூன்று காலில் வந்த ஆடு நேராகப் போனது. கேட்க நாதியில்லை.

பெலாயா இதற்கு ஒன்றும் சொல்வதில்லை. விறகில் மட்டும் வரவரக் கடுமையானான். ஊசித் துளை இருந்தால்கூடக் கட்டையை ஒதுக்கிவிடுவான்.

"ஆட்டுக்கு இல்லாத சோதனை வெறகுக்கா மச்சான்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வெறகு என் கையில இருக்கு. ஆடு என் கையில இல்ல."

"சாப்புடறப்ப மட்டும் கையில இருக்குல்ல?"

கட்டையைக் கீழே வைத்தான். "நீ வாசல்ல நிக்கிற. ஒன் மொழங்கால இடிச்சுக்கிட்டுத்தான ஒவ்வொரு ஆடும் உள்ள போவுது. நீ ஏன் கேக்கல?"

"ஆளப் பாக்குறதுதான் வாசல்காரன் வேல. ஆட்டப் பாக்குறது ஆசாரியன் வேல."

"சரி. அப்ப ரெண்டு பேரும் நல்லவங்கதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டையைத் தட்ட ஆரம்பித்தான்.

இந்த நிலையில்தான் ஏழாம் மாதத்தில் சபை கூடியது. நியாயப்பிரமாணப் புஸ்தகத்தைக் காலையிலிருந்து நண்பகல் வரை வாசித்தார்கள். குருடும் முடமும் பலிக்கு ஆகாது என்ற இடம் வந்தபோது ஜனங்கள் ஆசாரியர்களைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் அழ ஆரம்பித்தான், பிறகு எல்லாரும் அழுதார்கள். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான் என்று நான் வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். நோன்பு அறிவித்தார்கள். தன் முறையைச் சேர்ந்த ஆசாரியர் எல்லாருக்காகவும், பழுதானதை வாங்கிப் பலியிட்ட குற்றத்துக்காக, தன் சொந்தக் கிடையிலிருந்து ஒரு கடாவைக் குற்றநிவாரண பலியாகத் தருவதாக அஸ்ரீக்காம் எழுந்து நின்று சொன்னான். அதைக் கேட்டவர்கள் அவன் கையைப் பிடித்து முத்தமிட்டார்கள்.

பலிக்கு முந்தின நாள் மத்தியானம் கடா வந்தது. அஸ்ரீக்காமின் மேய்ப்பன் அதை என் வாசல் வழியாக ஓட்டி வந்தான். நல்ல கொம்பு, நல்ல ரோமம், இரண்டு நாள் முன்புதான் கழுவியிருக்கிறார்கள். பின்னங்கால் ஒன்று தரையில் நிலைக்கவில்லை. பட்டதும் தூக்கிக்கொண்டது. வசந்த காலத்தில் பாறையில் விழுந்து உள்ளே முறிந்த கால். மேய்ப்பன் என் முகத்தைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். அவன் உள்ளே போனான்.

கொஞ்ச நேரத்தில் பெலாயா விறகறையிலிருந்து விந்தி விந்தி வந்தான்.

"இப்ப போனது அஸ்ரீக்காமோட கடாவா?"

"ஆமா."

"நொண்டுது."

"நீ பாத்தியா?"

"எங்க பாக்க? உள்ளதான கெடந்தேன். கல்லு மேல காலு விழுற சத்தத்தக் கேட்டேன். நாலு கேக்கணும், மூணுதான் கேட்டுச்சு. இந்தச் சத்தத்தோடதானடா முப்பத்தஞ்சு வருஷமா நடக்குறேன், எனக்குத் தெரியாதா? நீ பாத்தியா இல்லியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டா உட்ட?"

"நாளைக்குப் பீடத்துக்குப் போறப்ப மூப்பருங்க பாப்பாங்கல்ல. நடக்கறப்பத் தெரிஞ்சிரும். நமக்கேன் வம்பு?"

அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். "மச்சான், நொண்டி ஆட்ட வாங்குனது குத்தம்னு சொல்லி, அந்தக் குத்தத்துக்கு நொண்டிக் கடாவயே குடுக்கறானே. இத ஆண்டவரு முன்னால கொண்டுபோயி எப்படி வைக்கிறது?"

"நீயா வைக்கிற? அவன் வைக்கிறான். வாயத் தொறந்தா ஒன் பங்கு போயிரும். மூணு பொண்ண வச்சிருக்க. செபுதாளக் கேட்டுட்டு அப்புறம் பேசு."

செபுதாளிடம் கேட்டிருக்கிறான். அவள் என்ன சொன்னாள் என்று பின்னால் அவளே என்னிடம் சொன்னாள். "பங்கு போனா நான் மாவரைக்கப் போறேன். ஆனா கேக்கறதுன்னா முழுசாக் கேளு. நாம தின்னதையும் சேத்துச் சொல்லு. அத உட்டுட்டு அவனப் பத்தி மட்டும் பேசுறதுன்னா பேசாமலே இரு" என்றாளாம். என் சித்தப்பா மகள்தான், ஆனால் அந்தப் புத்தி எங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் வரவில்லை.

மறுநாள் காலையில் பிராகாரம் கொள்ளாத கூட்டம். எல்லாரும் இரட்டில். மூப்பர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கடா வந்தது. நடந்து வரவில்லை. எல்சாபாத் என்ற ஆசாரியனின் தோளில் ஏறி வந்தது. முன்னங்கால் இரண்டையும் ஒரு கையிலும் பின்னங்கால் இரண்டையும் ஒரு கையிலும் சேர்த்து மார்போடு பிடித்திருந்தான். எல்சாபாத் அஸ்ரீக்காமின் அக்கா மகன், முப்பது வயது, அதிகம் பேசாத ஆள். பின்னால் அஸ்ரீக்காம் தலையில் மண்ணோடு வந்தான். பலியாடு தன் காலால் நடந்து வருவதுதான் எந்நாளும் வழக்கம். இதைத் தோளில் பார்த்ததும் பெண்கள் தேம்பி அழுதார்கள். "எவ்ளோ பயபக்தி பாரு, தரையில உடாம கொண்டாராங்க" என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அருவருப்பும் வந்தது.

ஊனமுள்ள ஆசாரியன் அதற்கு மேல் போகக் கூடாது என்று தரையில் ஒரு கல்வரிசை உண்டு. பெலாயா அந்தக் கல்வரிசைக்கு ஓரடி இந்தப் பக்கம் வழியை மறித்து நின்றான்.

"எல்சாபாத்து, கடாவக் கீழ எறக்குப்பா."

ஊர்வலம் நின்றது. அஸ்ரீக்காம் முன்னால் வந்தான். "என்ன பெலாயா, வெறகு தீந்து போச்சா?"

"வெறகு இருக்குங்க. ஒரு புழு கெடையாது. கடாவ எறக்கச் சொல்லுங்க."

"ஆண்டவருக்குன்னு ஒப்புக்குடுத்தது. தோள்லதான் போவும். அது மரியாத."

"இத்தன வருஷத்துல எந்த ஆட்டுக்கு இந்த மரியாத நடந்துச்சு?"

"கால் சரியில்லாதவனுக்குப் பாக்குற காலெல்லாம் நொண்டியாத்தான் தெரியும்" என்றான் அஸ்ரீக்காம். சில பேர் சிரித்தார்கள். நோன்பு நாளில், இரட்டு உடுத்திக்கொண்டு, சிரித்தார்கள்.

பெலாயாவும் லேசாகச் சிரித்தான். "நெசந்தான், நான் நொண்டிதான். இதே கல்லு மேலதான் என்னய நடக்க உட்டீங்க. ஒங்கப்பாதான் நடுவுல ஒக்காந்திருந்தாரு. இன்னொரு தடவன்னாரு, நடந்தேன். சட்டம்னு சொன்னீங்க, சரின்னு ஒதுங்கிட்டேன். அன்னைக்கி என்னய யாரும் தோள்ல தூக்கிட்டு வரல. இந்தக் கடாவ மட்டும் ஏன் தூக்குறீங்க?"

அஸ்ரீக்காமின் குரல் தணிந்தது. தணிந்தால்தான் அவன் ஆபத்து. "பதினேழு வருஷமா வாங்கித் தின்னியே, அப்ப நாக்கு எங்க போச்சு? நாளைக்கு ஒன் புள்ளைங்களுக்கு யாரு குடுப்பா, யோசிச்சியா?"

"தின்னேன். தெரிஞ்சேதான் தின்னேன். புள்ளைங்களுக்கும் குடுத்தேன். அது என் குத்தம். இந்தக் கடா ஒங்களுக்காக மட்டுமா போவுது? எனக்காகவும்தான போவுது? அதனாலதான் கேக்குறேன், அது நல்லபடியா இருக்கணும்னு."

மூப்பர்களில் ஒருவர் கையை உயர்த்தினார். "நொண்டுதுன்னு சொல்றியே, கண்ணால பாத்தியா?"

"இல்லீங்க. காதால கேட்டேன்."

"காதால கேட்டது சாட்சி ஆவாதே. அதுவும் ஒருத்தன். ரெண்டு பேராவது வேணும். பாத்தவன் யாராவது இருக்கானா?"

பெலாயா என் பெயரைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் பயந்தது எனக்காகத்தான் என்று நினைக்கிறேன், என் வேலைக்காக. நான் கதவின் கீலைப் பார்த்தேன். அதில் எண்ணெய் காய்ந்திருந்தது. எண்ணெய் போட வேண்டும் என்று நினைத்தேன். ஆசாரியர்களைப் பதினேழு வருஷமாக வாய்க்குள் திட்டித் தீர்த்த இந்த நாக்கு, ஒரே ஒரு வார்த்தை கேட்ட இடத்தில் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"யாரும் இல்ல. வழிய உடுப்பா" என்றார் மூப்பர்.

பெலாயா அசையவில்லை. இரண்டு காவல்காரர்கள் அவன் தோளைப் பிடித்தார்கள். அப்போது எல்சாபாத் முழங்காலிட்டான். முதலில் தடுக்கி விழுந்தான் என்று நினைத்தேன். அவன் மெதுவாகக் குனிந்து, கைகளை விட்டு, கடாவைத் தரையில் இறக்கினான்.

"தூக்குடா" என்றான் அஸ்ரீக்காம்.

"முடியாது மாமா. வாசல்லேந்து இதோட காலு என் மாருல காய்ச்சல்காரன் கையாட்டம் சுட்டுக்கிட்டே வருது. தலையில மண்ணப் போட்டுக்கிட்டு இத எப்படித் தூக்குறது?"

கடா எழுந்து நின்றது. பீடத்தைப் பார்க்கவில்லை, வந்த வாசலைப் பார்த்தது. மூன்று காலால் தத்தித் தத்தி, அத்தனை சனமும் ஒதுங்கி வழி விட, நேராக என்னிடமே வந்து என் முழங்காலில் தலையை முட்டிக்கொண்டு நின்றது.

அஸ்ரீக்காம் தரையில் உட்கார்ந்துவிட்டான். அதன் பிறகு அவன் அழுத அழுகை வேறு மாதிரி இருந்தது. அதில் கூட்டத்தைப் பார்க்கிற கண் இல்லை. அதை மட்டும் நான் ஒப்புக்கொள்கிறேன். அன்றே ஆளனுப்பித் தன் கிடையின் முதல் கடாவை, இனப்பெருக்கத்துக்கென்று வைத்திருந்ததை, வரவழைத்தான். மறுநாள் அது தன் நாலு காலால் நடந்து பீடத்துக்குப் போனது. மற்ற ஆசாரியர்களும் ஒவ்வொருவராகக் கொண்டுவந்தார்கள். சிலர் மனசாரக் கொண்டுவந்தார்கள், சிலர் பக்கத்து வீட்டுக்காரன் கொண்டுவந்தானே என்று கொண்டுவந்தார்கள். இனிமேல் எந்தப் பலியாடும் எல்லார் முன்னாலும் வாசலிலிருந்து படிக்கட்டு வரை நடந்துதான் போக வேண்டும் என்று தீர்மானம் ஆனது. நடையைப் பார்த்துச் சொல்கிற பொறுப்பை யாருக்குக் கொடுத்தார்கள் தெரியுமா? எனக்கு. கறாரான ஆள் என்று இப்போது எனக்குப் பெயர்.

பெலாயாவின் பங்கை நிறுத்தவில்லை. நிறுத்த வெட்கம். ஆனால் இன்று வரைக்கும் அவனுக்கு வந்து சேர்வது எலும்புத் துண்டுதான். குற்றநிவாரணக் கடாவின் பங்கு அவன் கைக்கு வந்த அன்று, விறகறை வாசலில் உட்கார்ந்து ஒரு நார் விடாமல் சாப்பிட்டான். சாப்பிடும்போது கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

மூன்று நாள் கழித்து அவனிடம் போனேன். "நான் சொல்லத்தான் வாயெடுத்தேன் மச்சான். அதுக்குள்ள எல்சாபாத்து எறக்கிட்டான்."

கட்டையைத் தட்டிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னான். "நோம்பு முடிஞ்சு மூணு நாள்தான் ஆவுது. அதுக்குள்ள ஆரம்பிக்காத."

அன்று சாயங்காலம் உடன்படிக்கைச் சுருளைக் கொண்டுவந்தார்கள். கர்த்தருடைய கட்டளைகளை எல்லாம் கைக்கொண்டு நடப்போம் என்று எழுதியிருந்தது. பீடத்தில் ஊழியம் செய்கிறவர்களும் வாசலில் நிற்கிறவர்களும் முத்திரை வைத்தால் போதும், விறகறை வரைக்கும் போக வேண்டியதில்லை என்றார்கள். அஸ்ரீக்காம் வைத்தான். எல்சாபாத் வைத்தான். ஈரக் களிமண்ணை என் முன்னால் நீட்டினார்கள். நானும் முத்திரையை அழுத்தினேன். என் கை நடுங்கவே இல்லை.